சோதனைக்கு ஒரு வழியும் ஒரு நேரமும் உண்டு

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் உங்களுடையது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மூக்கண்டப்பள்ளியில் மூன்று நண்பர்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறீர்கள். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். பி ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வந்து படுத்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. முதலில் சின்னச் சின்ன வீடியோக்கள், பிறகு பார்க்கக் கூடாதவை, மணி இரண்டாகிவிடுகிறது. காலையில் வேதத்தைத் திறந்தால் மனம் ஒரு வசனத்தில்கூட நிற்பதில்லை. உபவாசம் இருந்தும் தீர்மானம் எடுத்தும் கொஞ்ச நாள்தான் தாங்குகிறது. "நான் இரட்சிக்கப்பட்டவன்தானா? வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தருமபுரியில் எங்கள் சபையின் ஆண்கள் வேதபாட வகுப்பைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். லாரி ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், மாங்கூழ் ஆலைத் தொழிலாளி, சபைக் கமிட்டி உறுப்பினர் எனப் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வகுப்பின் நடுவில் கேட்க மாட்டார்கள். எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்பார்கள். ஆகவே உங்களுக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "மனுஷருக்கு நேரிடுகிற சோதனையேயல்லாமல் வேறே சோதனை உங்களுக்கு நேரிடவில்லை" என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த வியாபார நகரம். வெளியூர் ஆண்கள் வந்து தங்கி, வேலை பார்த்து, வழிதவறிய ஊர். ஓசூர் அறையில் படுத்திருக்கிற உங்களுக்கு அந்த வசனம் அப்படியே பொருந்தும்.

இரட்சிப்பைப் பற்றிய பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். சோதிக்கப்படுவது பாவம் அல்ல. இயேசுவும் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஆசை மனத்தில் தலைகாட்டுவது வேறு, அதற்குப் பாய் விரித்து உட்காரவைப்பது வேறு. யாக்கோபு முதல் அதிகாரம் இந்தப் படிகளைத் தனித்தனியாகக் காட்டுகிறது: இச்சை இழுக்கிறது, மனிதன் சிக்குண்டு போகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பிறகுதான் பாவம் பிறக்கிறது. இழுக்கப்பட்ட கணத்திலேயே "எல்லாம் முடிந்தது, இனி எவ்வளவு பார்த்தால் என்ன" என்று கைவிட்டுவிடுகிற ஆண்கள் ஏராளம். அது பெரிய ஏமாற்று. முதல் படியில் நிற்கிறவன் இன்னும் விழவில்லை, அங்கிருந்தே திரும்பிவிடலாம்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி ஆண்களை அனுப்பிவிடுகிறோம். ஜெபம் வேண்டும், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு, களைத்த உடம்போடு, இருட்டில், போனைக் கையில் வைத்துக்கொண்டு மனவுறுதியை மட்டும் நம்பிப் போராடச் சொல்லி வேதம் எங்கேயும் நம்மைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நடக்கிற சண்டையின் முடிவு பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது.

தாவீதின் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரம் பத்சேபாளிடம் தொடங்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம், யோவாபும் படையும் போய்விட்டார்கள், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான் என்றுதான் தொடங்குகிறது. அடுத்து, சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவுகிறான். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேலை இல்லை, உடன் யாரும் இல்லை, நேரமோ சாயங்காலம். அவள் கண்ணில் படுவதற்கு முன்பே பாதித் தோல்வி நடந்துவிட்டது. நீதிமொழிகள் ஏழாம் அதிகாரத்து வாலிபனும் அப்படித்தான். அந்தி நேரத்தில் பரஸ்திரீ ஒருத்தியின் வீட்டுத் தெருமுனை வழியாக நடந்துபோகிறான். அந்தப் பக்கம் போனது ஏன் என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

நம் மாவட்டக்காரர்களுக்கு இதை யானையை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு பக்கம் வருகிறது. ராகி கதிர் முற்றுகிற பருவம். அங்கேயுள்ள விவசாயிகளுக்கு அது எந்தப் பள்ளம் வழியாக இறங்கும், எந்த நேரத்துக்கு வரும் என்பது தெரியும். பரண் கட்டுவதும் அங்கேதான், கண்விழிப்பதும் அந்த நேரத்தில்தான். யானை வயலுக்குள் நின்று கதிரைச் சுருட்டும்போது தனி ஆளாகப் போய்த் தள்ளுவதை யாரும் காவல் என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் சோதனைக்கும் ஒரு வழி உண்டு, ஒரு நேரம் உண்டு. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பி ஷிப்ட் வாரம், பதினொன்றரை மணி, பாயில் படுத்தபடி, தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜர். ஏ ஷிப்ட் வாரத்தில் இந்தப் பிரச்சினை குறைவு என்பதையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான்.

அந்தச் சார்ஜரை இன்றைக்கே இடம் மாற்றுங்கள். எங்கள் வகுப்பில் இரு சக்கர வாகன மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் செய்ததைச் சொல்கிறேன். பேட்டரி போட்டு ஓடும் சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கினார். அதுவரை "அலாரத்துக்காகத்தான் போனைத் தலைமாட்டில் வைக்கிறேன்" என்பது அவருடைய நியாயமாக இருந்தது. கடிகாரம் வந்ததும் அந்த நியாயம் போயிற்று. இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மிளகாய்த்தூள் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிடுவார். எடுக்க வேண்டுமென்றால் எழுந்து, விளக்கைப் போட்டு, முக்காலி இழுத்து ஏற வேண்டும். அந்த முக்காலி இழுக்கும் சத்தத்தில் தன் புத்தி திரும்பி வந்துவிடுகிறது என்றார். அவருடைய ஜெப ஜீவியம் மாறியதும் அந்த வாரத்திலிருந்துதான். ரோமர் 13:14 "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்று சொல்வதை இவ்வளவு நேரடியாகச் செய்துகாட்டியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் அறையில் சமையலறை இல்லாவிட்டால் போன் வாசல் பக்கத்து ஸ்விட்சில் இருக்கட்டும், நீங்கள் எதிர்மூலையில் படுங்கள். இன்னொன்று: ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாப் போன்களிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடம் உண்டு. ஆபாசத் தளங்களை வடிகட்டும் இலவச முகவரிகள் இருக்கின்றன; அதில் ஒன்றை அங்கே இட்டுவிடலாம். செயலிகளுக்கு நேர வரம்பு வைப்பதற்கு 'டிஜிட்டல் வெல்பீயிங்' இருக்கிறது. நீங்களே வைத்த பூட்டை நீங்களே திறந்துவிட முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் பூட்டின் ரகசிய எண்ணை வேறொருவரிடம் வைக்கச் சொல்கிறேன். அந்த வேறொருவரைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

ஓடுவது கோழைத்தனம் என்று நம் ஆண்களுக்கு ஓர் எண்ணம். வேதம் அப்படிப் பார்க்கவில்லை. பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு என்று தீமோத்தேயுவுக்கும், வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் என்று கொரிந்தியருக்கும் பவுல் எழுதுகிறார். எதிர்த்து நில்லுங்கள் என்று யாக்கோபும் பேதுருவும் எழுதுவது பிசாசைக் குறித்து. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இச்சையோடு உட்கார்ந்து வாதாடுகிறோம். "நீயெல்லாம் ஒரு விசுவாசியா, உன்னைத் தேவன் தள்ளிவிட்டார்" என்று குற்றஞ்சாட்டுகிறவன் வரும்போது வாயடைத்துப் போய் ஓடிவிடுகிறோம். உங்கள் "நான் இரட்சிக்கப்பட்டவன்தானா" என்ற கேள்வி அந்தக் குற்றஞ்சாட்டுதலிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். அங்கே நில்லுங்கள். போனிடமிருந்து ஓடுங்கள்.

யோசேப்பைப் பற்றிச் சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். ஆதியாகமம் 39:10ஐ மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எஜமான் போத்திபாரின் மனைவி நாளுக்குநாள் அவனோடு பேசினாள். அவளோடு சயனிக்க மட்டுமல்ல, அவளோடு இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிய அந்த நாளுக்கு முன்பே, அவள் இருக்கும் இடத்தில் தான் இருப்பதில்லை என்று பழகியிருந்தான். அவனும் உங்களைப்போல வீட்டைவிட்டுத் தூரத்தில் இருந்த இளைஞன்தான், அதுவும் அடிமையாக விற்கப்பட்டு வந்தவன். ஓடியதற்குக் கிடைத்தது சிறை. சரியானதைச் செய்தால் அடுத்த நாளே எல்லாம் நன்றாகிவிடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அறை நண்பர்கள் கேலி செய்யக்கூடும். அவர்கள் சத்தமாக வைத்துப் பார்க்கிற வீடியோக்களைப் பற்றி ஒருமுறை அமைதியாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் மதிப்பார்கள். மீதிப் பேர் பழகிக்கொள்வார்கள்.

உடம்பையும் கவனியுங்கள். இயேசுவை எப்போது சோதனைக்காரன் அணுகினான்? நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசி உண்டானபோது. எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவைத்து, மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். பிறகுதான் பேச்சு. நீங்கள் கேன்டீனில் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணி நேரம் மெஷினருகில் நின்று, வெறும் வயிற்றோடு அறைக்கு வருகிறீர்கள். வந்ததும் குளித்து, இரண்டு வாழைப்பழமோ கொஞ்சம் தயிர்ச்சோறோ சாப்பிடுங்கள். நான்காம் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள், மொத்தம் எட்டே வசனங்கள், படுக்கைக்கென்றே எழுதியதுபோல் முடியும்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." அதைச் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். அந்த வேளைக்கு அவ்வளவு ஜெபம் போதும். பதினொன்றரைக்கு முழங்காலில் ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்துத் தூங்கி விழுந்து, அதற்காகவும் குற்றவுணர்வு கொண்டு, அந்தக் குற்றவுணர்வோடு போனை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். உபவாசத்தையும் பி ஷிப்ட் வாரத்தில் வைக்காதீர்கள்.

மனம் ஜெபத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். இது போன் வந்த பிறகு பிறந்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை அப்படியே விவரித்திருக்கிறார். நடுப்பகலில் ஒரு சலிப்பு வருகிறதாம். சூரியன் நகரவே இல்லை, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுகிறதாம். துறவி சன்னலை எட்டி எட்டிப் பார்க்கிறார், பக்கத்து அறையிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார், வீட்டார் நினைவு வருகிறது, வேறு ஊருக்குப் போனால் நன்றாக ஜெபிக்கலாமே என்று தோன்றுகிறது. சன்னல் இருந்த இடத்தில் நமக்கு இன்று திரை இருக்கிறது. அவர் சொன்ன மருந்து எளிமையானது: அறையைவிட்டு எழுந்து போகாதே, வருகிற ஒவ்வொரு எண்ணத்துக்கும் ஒரு வேதவசனத்தால் பதில் சொல். இயேசு வனாந்தரத்தில் செய்ததும் அதுதான். மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே, 6ஆம் 8ஆம் அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். அந்த வசனங்கள் அவர் நாவில் ஏற்கெனவே இருந்தன. உங்களுக்கு எந்த எண்ணம் அடிக்கடி வருகிறதோ, அதற்கு ஒரு வசனத்தை இப்போதே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்களுக்கு யோபு 31:1 இருக்கிறது: "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணினேன்."

காலைத் தியானத்துக்கு அச்சிட்ட வேதாகமத்தையே வையுங்கள். போனில் வேதம் படிப்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. பயணத்தில் நானும் படிப்பதுண்டு. ஆனால் மனம் நிற்கவில்லை என்று சொல்கிறவன், வாட்ஸ்அப் செய்தி மேலிருந்து எட்டிப்பார்க்கும் திரையில் சங்கீதம் படிக்கக் கூடாது. பத்து வசனம் போதும். வாய்விட்டு வாசியுங்கள். மனம் போனால் திட்டாமல் கூட்டிவந்து, விட்ட வசனத்திலிருந்து தொடருங்கள். இதில் நெகேமியாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிக்கொண்டிருந்தவனை அவன் எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஓனோ பள்ளத்தாக்குக்குப் பேச வரும்படி அழைத்தார்கள். அவன், "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது" என்று ஆள் அனுப்பினான். அவர்கள் நான்கு தரம் கூப்பிட்டார்கள், நான்கு தரமும் அதே பதில்தான். புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை, விளக்கம் கொடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு நாளில் அலங்கம் முடிந்தது.

அந்தப் "பெரிய வேலை" உங்களுக்கு என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். மத்தேயு 12இல் இயேசு சொன்ன வீடு, பெருக்கி ஜோடித்துக் காலியாகக் கிடந்ததால்தான் ஏழு ஆவிகள் குடிவந்தன. போனை ஒதுக்கிவிட்டு அந்த நேரத்தைச் சும்மா விட்டால் வேறு ஒன்று வந்து உட்காரும். ஓசூரில் உங்கள் அறைக்கு அருகே ஒரு சபையில் சேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிறு பள்ளிக்கு வாலிபர்கள் கிடைக்காமல் எல்லாச் சபையிலும் திண்டாடுகிறார்கள். பத்துச் சிறுவர்களுக்கு அடுத்த வாரம் பாடம் சொல்ல வேண்டியவன் வேதத்தை வேறுவிதமாகப் படிப்பான்.

பண விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அறையில் மற்றவர்கள் ஆடுகிறார்கள் என்று எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இலேயே சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. எத்தனை வீடுகள் அழிந்த பிறகு இந்தச் சட்டங்கள் வந்தன என்பது நமக்குத் தெரியும். சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவை மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்போது அந்த வேறொருவர். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவின் முன்னால் போய் வாயால் சொல்லியாக வேண்டும். நம் சபைகளில் அந்த வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக எதையும் நாம் ஏற்படுத்தவும் இல்லை. பொது ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், தனிப் பாவத்தைத் தனியாகவே சுமக்கிறோம். இது நம் சபைகளின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். கண்ணியமான குடும்பங்கள் கலங்கிப்போனதற்குப் பின்னால், யாரிடமும் சொல்ல முடியாத ஓர் ஆண் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாயைக் கட்டத் தெரிந்தவர், தானும் போராடியவர் ஒருவரைத் தேடுங்கள். ஆணாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை பேசுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "கர்த்தர் கிருபையால் நலம்" என்று சொல்லிவிடுவோம். ஆகையால் அவர் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "இந்த வாரம் பதினொன்றரைக்குப் பிறகு போன் எங்கே இருந்தது?" பூட்டின் எண்ணும் அவரிடமே இருக்கட்டும். மனைவியிடம் மறைக்காதீர்கள், ஆனால் கைக்குழந்தையோடு இருக்கிறவளை உங்களுக்குக் காவல்காரியாக்காதீர்கள். அந்தப் பாரம் அவளுக்குரியதல்ல.

விழுந்துவிட்டால்? அந்த இரவிலேயே அறிக்கை செய்யுங்கள், அந்தக் காலையிலேயே எழுந்து வேதத்தை வாசியுங்கள். விழுந்ததைவிட, விழுந்தபின் தேவனிடமிருந்து ஒளிந்து கழிக்கிற வாரங்கள்தான் அதிகமாகக் கெடுக்கின்றன. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்லும்போது, விழுகிறவனைத்தான் நீதிமான் என்கிறது. இவ்வளவும் செய்தும் கையை மீறிப் போகிறது, தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மருத்துவரிடம் போவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகவும் பேசலாம்.

கடைசியாக, வேலையை விடலாமா என்ற கேள்வி. விட வேண்டாம். ஊரிலும் அதே போன் இருக்கும், கூடவே வேலையில்லாத பகலும் இருக்கும். ஆனால் நீங்களும் மனைவியும் பிரிந்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் கொரிந்தியர் 7:5இல் பவுல், கணவனும் மனைவியும் ஜெபத்துக்காக இருவரும் சம்மதித்துச் சில காலம் மட்டும் பிரிந்திருக்கலாம், பிறகு மறுபடி கூடி வாழுங்கள், இல்லாவிட்டால் சாத்தான் தூண்டிவிடுவான் என்கிறார். ஜெபத்துக்காகப் பிரிவதற்கே அவர் எல்லை வைக்கிறார். நாம் வாடகை மிச்சத்துக்காக வருடக்கணக்கில் பிரிந்திருக்கிறோம். மூக்கண்டப்பள்ளியில் வாடகை கட்டுப்படியாகாவிட்டால், கொஞ்சம் தள்ளி, கம்பெனி பஸ் வருகிற ஏதாவது ஒரு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடாகப் பாருங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமனாரிடமும் இந்த மாதமே பேசுங்கள். குழந்தைக்கு இன்னும் பள்ளி வயது ஆகவில்லை என்பதால் இப்போது மாறுவதுதான் எளிது. அதுவரை, இரண்டு நாள் லீவு சேரும்போதெல்லாம் ராயக்கோட்டை வழி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுங்கள். ஓவர்டைம் கிடைக்கிறதே என்று அந்த நாட்களை விற்றுவிடாதீர்கள்.